நண்பரின் படகில் ஒரு வாரம்: விருந்தினரும் விருந்தளிப்பவரும் அறிய வேண்டியவை

வெளிநோயாளர் பிரிவில் அண்மைக் காலமாக ஒரு புதுவகைக் கேள்வி எழுகிறது. "அயல்நாட்டில் வாழும் நண்பர் பணி ஓய்வுக்குப் பின் பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறார். தீவுகளுக்கிடையே ஒரு வாரம் தம்முடன் தங்கிச் செல்லுமாறு அழைக்கிறார். போகலாமா, டாக்டர்?" கேட்பவர் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவராக இருப்பார். நீரிழிவோ, உயர் இரத்த அழுத்தமோ, இதயக் குழாயில் பொருத்திய ஸ்டென்டோ அவருக்கு இருக்கும்.

"வேண்டாம்" என்று கூறுவது மருத்துவருக்கு எளிது. ஆயினும் நோய் ஒருவரிடமிருந்து ஏற்கெனவே பலவற்றைப் பறித்திருக்கிறது. நாற்பதாண்டு நட்பின் அழைப்பையும் அது பறிக்க வேண்டுமா என்று எண்ணிப் பார்த்தே விடை கூற வேண்டியுள்ளது. நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுள் பெரும்பாலோர் இத்தகைய பயணத்தை மேற்கொள்ள இயலும். அதற்கு அழைப்பவரும் செல்பவரும் சிலவற்றை முன்கூட்டியே பேசித் தெளிந்துகொள்ள வேண்டும்.

கடலில் தொலைவு என்பது நேரம்

கரீபியன் கடலின் கிரெனடைன்ஸ் தீவுகளை எடுத்துக்கொள்வோம். வடக்கே செயின்ட் வின்சென்ட், தெற்கே கிரெனடா ஆகிய இரு பெருந்தீவுகளுக்கு இடையே பெக்வே, மஸ்டீக், கனுவான், மேரோ, யூனியன், கரியக்கூ எனச் சிறு தீவுகள் மாலைபோல் அமைந்துள்ளன. பாய்மரப் படகினர் பெரிதும் விரும்பும் கடல்வழி இது. நம்மவர்க்கு இப்பகுதி முற்றிலும் புதிதன்று. 1861 ஜூன் 1 அன்று, சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற கப்பல் செயின்ட் வின்சென்டை அடைந்தது. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர்.

இவ்வழியில் உள்ள டொபேகோ கேஸ் என்னும் ஐந்து சிறு தீவுகளில் மக்கள் வசிப்பதில்லை. பவளப்பாறைக்குப் பின்னே நங்கூரமிட்டு, ஆமைகளைக் கண்டு மகிழும் இடம் அது. அங்கிருந்து செயின்ட் வின்சென்டின் தலைநகரான கிங்ஸ்டவுன் ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது. நம் ஊர்ச் சாலையில் அது ஒரு மணி நேரப் பயணம். ஆனால் பாய்மரப் படகு மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவிலேயே செல்லும். காற்று ஒத்துழைத்தாலும் ஆறு மணி நேரம் ஆகும். சிறு தீவுகளில் எளிய மருத்துவ உதவியே கிடைக்கும். பெரிய மருத்துவமனையை நாட வேண்டுமெனில் இரு பெருந்தீவுகளில் ஒன்றை அடைந்தாக வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் முதல் சில மணி நேரமே உயிரையும் உறுப்பையும் காப்பது. ஆகவே "எவ்வளவு தூரம்?" என்று கேட்பதை விடுத்து, "எத்தனை மணி நேரம்?" என்று நண்பரிடம் கேளுங்கள்.

மறைப்பதே முதல் ஆபத்து

இத்தகைய பயணங்களில் நான் மிகவும் அஞ்சுவது அலைகளை அன்று; விருந்தினரின் மௌனத்தையே. "சொன்னால் நண்பர் தயங்குவார், நம்மால் அவருக்குச் சுமை" என்றெண்ணி நோயை மறைப்போர் பலர். வீட்டில் விருந்தினருக்கு மயக்கம் வந்தால் ஆட்டோ பிடிக்கலாம். படகிலோ விருந்தளிப்பவரே ஓட்டுநர், சமையற்காரர், முதலுதவியாளர். அறியாத நோய்க்கு அவர் என்ன செய்ய இயலும்?

விருந்தளிப்பவர் கேட்க வேண்டிய முறையும் உண்டு. "உனக்கு ஏதாவது நோய் இருக்கிறதா?" என்ற கேள்வி "ஒன்றுமில்லை" என்ற விடையையே பெறும். "தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? ஏணியில் ஏறி இறங்க முடியுமா? இரவில் எத்தனை முறை எழுந்திருப்பாய்?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். கேட்பது அவமதிப்பு ஆகாது. விருந்தினரின் நலம் நாடிக் கேட்பதும் விருந்தோம்பலே.

மற்றொன்றையும் குடும்பத்தினர் கருத வேண்டும். நோயாளியின் மருந்துகளை முழுதும் அறிந்தவர் பெரும்பாலும் துணைவியாகவோ மகளாகவோ இருப்பார். கடல் குமட்டல் முதலில் அவரையே படுக்கையில் தள்ளக்கூடும். அப்போது மருந்து எடுத்துக் கொடுப்பவர் யார்? ஆகவே நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, நேரம், ஒவ்வாமை, நெருக்கடியில் செய்ய வேண்டியது ஆகியவற்றை ஒரே தாளில் தெளிவாக எழுதி, படகுக்குரியவரிடம் ஒரு படி அளிக்க வேண்டும். பராமரிப்பவருக்கும் ஓய்வு தேவை. அந்த ஒரு தாள் அவருடைய சுமையையும் சிறிது குறைக்கும்.

கடல் குமட்டல்

உட்செவி உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது குமட்டல் தோன்றுகிறது. படகின் நடுப்பகுதியில் மேல்தளத்தில் அமர்ந்து, தொடுவானத்தை நோக்கியிருப்பது நல்லது. கீழறையில் புத்தகம் படிப்பதும் கைப்பேசி பார்ப்பதும் குமட்டலை வளர்க்கும். மருந்தைக் குமட்டல் தொடங்கிய பின் உட்கொள்வதால் பயன் குறைவு. புறப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே உட்கொள்ள வேண்டும்.

ஆனால் இம்மருந்துகள் எல்லோர்க்கும் ஏற்றவை அல்ல. புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை முதியோருக்கு உறக்கத்தையும் தடுமாற்றத்தையும் தரலாம். கண் நீர் அழுத்த நோய் உடையோரும், விரிவடைந்த புரோஸ்டேட் சுரப்பி உடையோரும் இவற்றையோ, சில நாடுகளில் கிடைக்கும் ஸ்கோபாலமின் ஒட்டுப்பட்டையையோ மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தலாகாது. பார்க்கின்சன் நோயாளிகள் சின்னாரிசினைத் தவிர்க்க வேண்டும். நண்பர் அன்புடன் நீட்டும் மாத்திரை என்பதற்காக வாங்கி விழுங்கிவிட வேண்டாம்.

நீரிழிவு உடையோர்க்கு

கிரெனடைன்ஸ் தீவுகளின் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியது. செல்லும் நாள் நீண்டுவிடும். இன்சுலின் போடும் நேரத்தை எவ்வாறு மாற்றுவது என்பதைப் புறப்படுமுன் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

திறக்காத இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான வகைகள் 30 டிகிரி செல்சியசுக்கு மிகாத வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாமல் இருக்கும். பனிக்கட்டியின்மேல் நேரே வைத்தால் உறைந்து வீணாகும். நீர் ஆவியாவதால் குளிரும் பைகள், ஈரம் மிகுந்த கடற்காற்றில் முழுப் பயன் தருவதில்லை. மருந்தை இரண்டாகப் பிரித்து இரு பைகளில் வைத்திருங்கள். ஒன்று நனைந்தாலும் மற்றொன்று உதவும்.

வாந்தி எடுக்கும் நாளில் கூடுதல் கவனம் வேண்டும். உணவு தங்காதபோது கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளை அந்நாளில் நிறுத்திவைக்க வேண்டும். இல்லையெனில் இரத்தத்தில் அமிலத்தன்மை மிகும் நிலை ஏற்படக்கூடும். மெட்ஃபார்மின், நீர் வெளியேற்றும் மாத்திரை, சில இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றையும் நீரிழப்பின்போது நிறுத்திவைக்க நேரலாம். ஆனால் முதல் வகை நீரிழிவு உடையோர் அடிப்படை இன்சுலினை எக்காரணம் கொண்டும் நிறுத்தலாகாது. இந்த 'நோயுற்ற நாள் விதி'களைப் பயணத்திற்கு முன்பே எழுதிப் பெறுங்கள்.

இதய நோயாளிகளும் விழும் ஆபத்தும்

படகின் நன்னீர்த் தொட்டி அளவானது. கழிப்பறையும் குறுகலானது, கையால் இறைக்கும் பம்பு உடையதாகவும் இருக்கலாம். இதற்கு அஞ்சி நீர் அருந்தாமல் இருக்கும் விருந்தினர் உண்டு. வெப்பமண்டல வெயிலில் அது நேரே மயக்கத்திற்கு வழி. எவ்வளவு அருந்தலாம் என்ற வரம்பு இதயச் செயலிழப்பு உடையோர்க்குத் தனியே உண்டு. அதை மருத்துவரிடம் கேட்டறிக. நீர் வெளியேற்றும் மாத்திரையை, மருத்துவர் ஒப்புதலுடன், காலையிலேயே உட்கொண்டால் இரவில் ஏணி ஏறும் தேவை குறையும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்வோர்க்குத் தலையில் படும் சிறு அடியும் பெருங்கேடாகலாம். காற்றில் திடீரெனத் திரும்பும் பாய்மரக் குறுக்குக்கட்டை உட்காரும் இடத்திற்கு எட்டாதவாறு அமருங்கள். ஒரு கை எப்போதும் பிடிமானத்தில் இருக்க வேண்டும். இரவில் படகின் விளிம்பில் நின்று சிறுநீர் கழிக்கும் வழக்கம் ஆண்களை நீரில் தள்ளி உயிரைக் குடித்திருக்கிறது. கழிப்பறையையே பயன்படுத்துங்கள். மேல்தளத்தில் மிதவை அங்கியை அணிந்திருங்கள்.

கடலில் மிதந்து பவளப்பாறை காண்பதும் எளிய விளையாட்டு அன்று. உடல் நீரில் மூழ்கும்போது கால்களில் உள்ள இரத்தம் மார்பை நோக்கித் தள்ளப்பட்டு, இதயத்தின் சுமை கூடுகிறது. மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் இறங்க வேண்டாம். தனியே ஒருபோதும் இறங்க வேண்டாம்.

தட்டிலும் கரையிலும்

படகினர் தூண்டிலில் பிடித்த மீனைச் சமைத்து விருந்தளிப்பது அவர்களுக்குப் பெருமை. பவளப்பாறைகளில் வாழும் பெரிய மீன்களில், குறிப்பாகச் சீலாவிலும் பெரிய களவாயிலும், சிகுவாடெரா என்னும் நஞ்சு சேர்ந்திருக்கலாம். சமைத்தாலும் உறையவைத்தாலும் அது அழியாது. சுவையிலும் மணத்திலும் தெரியாது. வயிற்றுப்போக்கு, வாய் மரமரப்பு, குளிர்ந்ததைத் தொட்டால் சுடுவதுபோன்ற உணர்வு, சிலருக்கு நாடித்துடிப்புக் குறைதல் ஆகியவை நேரும். அதற்கு மாற்று மருந்து இல்லை. நண்பர் மனம் வருந்துவாரே என்று எண்ணாமல், பெரிய பாறைமீனை மறுத்துவிடுங்கள். சூரை போன்ற மீன்களும் பிடித்தவுடன் குளிரில் வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கரீபியன் கடற்கரைகளில் சிறு ஆப்பிள் போன்ற காய்களுடன் நிற்கும் மஞ்சினீல் மரம் கொடிய நச்சுமரம். அதன் காயை உண்ணலாகாது. மழையில் அதன்கீழ் ஒதுங்கினால் வழியும் பால் தோலைப் புண்ணாக்கும். பல இடங்களில் இம்மரத்திற்குச் சிவப்பு வண்ண அடையாளம் இட்டிருப்பார்கள். டெங்குக் காய்ச்சலும் அங்கு உண்டு. கரையில் இறங்கும்போது கொசுவிரட்டி பூசிக்கொள்ளுங்கள்.

நாளும் இடமும்

விருந்தினர் தமக்கேற்ற நாளைத் தேர்ந்துகொள்ளலாம், அல்லது இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டையும் தேர்ந்துகொள்ள இயலாது என்பது படகினர் கூறும் பட்டறிவு. விருந்தினரின் விமானத்தைப் பிடித்தே தீரவேண்டும் என்று கொந்தளிக்கும் கடலில் படகைச் செலுத்துவது விபத்தை வரவழைப்பதாகும். ஆகவே திரும்பும் பயணச்சீட்டில் சில நாட்கள் இடைவெளி விடுங்கள். மருந்தை ஒரு வாரம் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கு சூறாவளிக் காலம். 2024 ஜூலை 1 அன்று 'பெரில்' சூறாவளி கரியக்கூ தீவைத் தாக்கி, அதனையும் யூனியன் தீவையும் பேரழிவுக்கு உள்ளாக்கியது.

படகில் ஏறிய முதல் நாளே, வி.எச்.எஃப். வானொலிக் கருவியின் 16-ஆம் அலைவரிசையில் உதவி கோரும் முறையை விருந்தினர் அனைவரும் கற்க வேண்டும். நோயுறுபவர் படகோட்டியாகவும் இருக்கலாம் அல்லவா? ரோம் நகரில் 1935-இல் தொடங்கப்பட்ட வானொலி மருத்துவ மையம் எந்நாட்டுக் கப்பலில் உள்ளோர்க்கும் இன்றும் இலவச ஆலோசனை வழங்கிவருகிறது. அத்தகைய உதவியின் தொடர்பு எண்கள் படகில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும்.

யார் தள்ளிப்போட வேண்டும்?

அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ அறுவை சிகிச்சையோ நேர்ந்தவர்கள், நெஞ்சுவலி அடிக்கடி வருவோர், கட்டுப்படாத வலிப்பு நோயாளிகள், இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சையில் இருப்போர், புற்றுநோய் மருந்தேற்றத்தின் இடையில் இருப்போர், இரவில் எழுந்து நடமாடும் மறதி நோயாளிகள் ஆகியோர் இப்போது செல்ல வேண்டாம். ஆனால் அழைப்பை மறுக்காதீர்கள். கரையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, நண்பரை உங்களிடம் வரச் செய்யலாம். துறைமுகத்தில் கட்டிய படகில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கலாம்.

அழைப்பு வந்ததும், புறப்படுவதற்கு ஆறு வாரமேனும் முன்னதாக உங்கள் மருத்துவரைக் காணுங்கள். பயணத் திட்டம், எல்லா மருந்துகள், பயணக் காப்பீட்டுத் தாள் ஆகியவற்றை உடன் கொண்டுவாருங்கள். உள்ள நோய்கள் அனைத்தும் காப்பீட்டில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா, வான்வழி மருத்துவ மாற்றத்திற்குப் பொருள் கிடைக்குமா என்பதைப் பாருங்கள். முடியுமானால் படகுக்குரிய நண்பரையும் அவ்வேளையில் தொலைபேசியில் இணையுங்கள். அவர் கேட்க விரும்பியும் தயங்கும் கேள்விகளை மருத்துவர் முன்னிலையில் தடையின்றிக் கேட்பார்.