எழுத்து ஒப்பந்தம் இல்லாத வாடகைக் கடை: சிறு வணிகருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு என்ன?

புதுதில்லி: தையல் கடை, மளிகைக் கடை, சலூன், தேநீர்க் கடை, செல்போன் பழுதுபார்க்கும் கடை என நாட்டின் கடைவீதிகளில் உள்ள சிறு வணிகங்கள் பலவும் வாய்மொழி நம்பிக்கையின் பேரிலேயே வாடகைக் கட்டடங்களில் இயங்குகின்றன. முன்பணம் கைமாறுகிறது, சாவி கிடைக்கிறது, மாதந்தோறும் வாடகை செல்கிறது. ஒப்பந்தப் பத்திரம் மட்டும் இருப்பதில்லை. கட்டடம் வேறொருவர் கைக்கு மாறும்போதோ, வாடகையை உயர்த்துவதில் பிணக்கு எழும்போதோ, பத்திரம் இல்லாததால் உடனே வெளியேற வேண்டும் என்று வணிகரிடம் கூறப்படுகிறது.

சட்டத்தின் நிலை அதுவன்று. பத்திரம் இல்லாத வாடகைதாரர் அத்துமீறிக் குடியேறியவர் ஆகமாட்டார். ஆனால், அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எல்லையற்றதும் அன்று.

வாய்மொழி வாடகை செல்லுமா?

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 107ஆவது பிரிவின்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையையும் ஆண்டுக்கு ஆண்டு தொடரும் குத்தகையையும் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே ஏற்படுத்த முடியும். பிற குத்தகைகளை, இடத்தை ஒப்படைத்து வாய்மொழியாகவே ஏற்படுத்தலாம். பதினொரு மாத ஒப்பந்தங்கள் நாடெங்கும் வழக்கத்தில் இருப்பதற்கு இந்த ஓராண்டு வரம்பே காரணம்.

2000ஆம் ஆண்டில் அந்தோணி எதிர் கே.சி. இட்டூப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. பதிவு செய்யப்படாத பத்திரத்தால் நீண்டகாலக் குத்தகை உருவாகாது. ஆயினும், இடம் ஒப்படைக்கப்பட்டு வாடகையும் பெறப்பட்டிருந்தால், அங்கு வாடகை உறவு உண்டு என்றே கொள்ள வேண்டும். அத்தகைய உறவு மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகையாகக் கருதப்படும்.

15 நாள் அறிவிப்பு

மாத வாடகையை முடித்துக்கொள்ள விரும்பும் தரப்பு, கையொப்பமிட்ட எழுத்துப்பூர்வ அறிவிப்பு வாயிலாக 15 நாள் அவகாசம் அளிக்க வேண்டும் என்கிறது இதே சட்டத்தின் 106ஆவது பிரிவு. உற்பத்திக் கூடங்களுக்கு ஆறு மாத அறிவிப்பு என்று அப்பிரிவு கூறினாலும், பதிவு செய்யப்பட்ட பத்திரம் இல்லாத நிலையில் அந்தச் சலுகையைக் கோருவது கடினம் என்பதே உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் போக்கு. எனவே, வாய்மொழியாக இடம் பிடித்துச் சிறு பட்டறை நடத்துவோரும் 15 நாள் கணக்கையே மனத்தில் கொள்வது நல்லது.

15 நாள் முடிந்துவிட்டது என்பதற்காக உரிமையாளர் தாமே கடைக்குப் பூட்டுப் போட முடியாது. வணிகர் காலி செய்ய மறுத்தால், உரிமையாளர் வழக்குத் தொடுத்து உத்தரவு பெற வேண்டும். நிலையாக ஓரிடத்தை அனுபவித்து வருபவரைச் சட்ட வழியிலன்றி வெளியேற்றக் கூடாது என்பதை 1989ஆம் ஆண்டின் கிருஷ்ண ராம் மகாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

அவ்வாறு வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம், 6ஆவது பிரிவின் கீழ் உரிமையியல் நீதிமன்றத்தை நாடி இடத்தைத் திரும்பக் கோரலாம். இவ்வழக்கில் கட்டடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழாது. வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பது முக்கியம். அரசுக்கு எதிராக இப்பிரிவைப் பயன்படுத்த இயலாது.

கட்டடம் விற்கப்பட்டால்?

கட்டடத்தை வாங்கியவர், பழைய உரிமையாளரின் உரிமைகளோடு வாடகைதாரரையும் சேர்த்தே பெறுகிறார். விற்பனை நடந்ததை அறியாமல் பழைய உரிமையாளரிடம் நேர்மையாகச் செலுத்திய வாடகையை வணிகர் மீண்டும் செலுத்த வேண்டியதில்லை. வாடகை முடிவுக்கு வந்தபின், இடம் தம் வசம் இருக்கும்வரை, தாம் பொருத்தியவற்றை அவர் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். இடத்தை முன்பிருந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விதி

மேற்கூறியவை பொது விதிகள். மாநில வாடகைச் சட்டங்கள் பொருந்தும் இடங்களில் நிலைமை வேறுபடுகிறது.

தில்லியில் 1958ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மிகாத இடங்களுக்குப் பொருந்தும். அங்கு சட்டம் கூறும் காரணங்கள் இருந்தால் மட்டுமே வெளியேற்ற முடியும். வாடகையை உரிமையாளர் வாங்க மறுத்தால், வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் செலுத்தலாம். தக்க காரணமின்றிக் குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக் கூடாது.

மகாராஷ்டிரத்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யும் பொறுப்பை உரிமையாளர் மீது சுமத்துகிறது. பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாவிட்டால், மாறாக நிரூபிக்கப்படும்வரை நிபந்தனைகள் குறித்து வாடகைதாரர் கூறுவதே ஏற்கப்படும்.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டமோ எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. ஒப்பந்தம் செய்துகொள்ளாததே வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணமாக அதில் இடம்பெற்றுள்ளது. மத்திய அரசு 2021இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தையே வலியுறுத்துகிறது. ஆக, மும்பையில் வணிகருக்குச் சாதகமாகும் அதே குறை, சென்னையில் அவருக்கு எதிராகத் திரும்பக்கூடும்.

காலம் கடத்துவதிலும் ஆபத்து

வழக்கு நடக்கும் காலமெல்லாம் பழைய வாடகையே நீடிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தில்லி கன்னாட் சர்க்கஸில் மாதம் 371.90 ரூபாய்க்கு இருந்த வணிக இடம் தொடர்பான வழக்கில், வெளியேற்ற உத்தரவுக்கு இடைக்காலத் தடை வேண்டுமானால் மாதம் 15,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை 2004இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

வணிகர்கள் செய்ய வேண்டியவை

பத்திரம் இல்லாத நிலையில் வாடகை உறவை நிரூபிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வணிகரையே சாரும். வாடகையை வங்கி அல்லது யுபிஐ வழியாகச் செலுத்துவது, ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது பெறுவது, முன்பணத் தொகைக்கு எழுத்தில் ஒப்புகை பெறுவது ஆகியவை அடிப்படைத் தேவைகள். கடையின் முகவரி உள்ள தொழில் உரிமம், ஜிஎஸ்டி பதிவு, மின்கட்டண ரசீதுகள் ஆகியவையும் சான்றாக உதவும்.

பிணக்கு எழுந்தாலும் வாடகையை நிறுத்தக் கூடாது. நிலுவை ஏற்பட்டால் வணிகரின் வாதம் வலுவிழக்கும். உரிமையாளர் வாங்க மறுத்தால், மணியார்டர் அனுப்பிச் சான்றை வைத்துக்கொள்ளலாம். வழக்கறிஞர் அறிவிப்பு வந்தால், அதைப் பெற மறுக்காமல் உரிய காலத்தில் பதில் அனுப்ப வேண்டும்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், நிர்ணயிக்கப்பட்ட வரம்புக்குக் குறைவான வருமானம் உள்ளோர் ஆகியோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச சட்ட உதவி பெறலாம். கடை பூட்டப்பட்டுவிட்டால் ஆறு மாத அவகாசம் அன்றே தொடங்கிவிடுகிறது என்பதால், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தாலும் சட்ட ஆலோசனை பெறுவதைத் தள்ளிப்போடக் கூடாது.