பாப்கார்னுக்கு எந்த ஒயின்?

அமெரிக்க வீடுகளில் டி.வி. தொடரும் ஒயின் கிளாஸும் ஜோடி சேர்ந்து ரொம்ப நாளாகிறது. 2012-ல் தொடங்கிய ‘ஸ்கேண்டல்’ தொடரின் நாயகி ஒலிவியா போப்புக்குப் பல ராத்திரிகளில் சாப்பாடே பாப்கார்னும் ரெட் ஒயினும்தான்! ரசிகர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் வெண்ணெயும் உப்பும் தூக்கலான பாப்கார்னுக்கு இன்னும் பொருத்தம், புளிப்பும் நுரையும் உள்ள ஸ்பெயின் நாட்டு ‘காவா’. ஷாம்பெயினைப் போலவே இதையும் பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கவைக்கிறார்கள். விலையோ பெரும்பாலும் பாதிக்கும் கீழே. புத்தாண்டுக்கும் கல்யாண நாளுக்கும் இதுவே தாராளம்.

‘டவுன்டன் ஆபி’ புகழை நம்பி 2013-ல் அந்தப் பெயரிலேயே போர்டோ ஒயின் வந்தது. லேபிளில் தொடரின் பெயர் இருந்தால் ருசி கூடிவிடுமா என்ன? விலை குறைந்த சாதாரண போர்டோ சிவப்பே போதும்.

வாரம் இரண்டு எபிசோடு, ஆளுக்கு ஒரு கிளாஸ் என்று நிறுத்திக்கொள்ளும் தம்பதிகளுக்குத்தான் சிக்கல். திறந்த பாட்டில் சில நாளில் காற்றுபட்டு ருசி கெடும். அவர்களுக்கு அட்டைப்பெட்டி ஒயின் சரி. 3 லிட்டர், அதாவது 4 பாட்டில் அளவு. உள்ளே இருக்கும் பை, ஊற்ற ஊற்றச் சுருங்குவதால் காற்று புகாது. ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும். பெட்டியைப் பார்த்து முகம் சுளிக்கும் விருந்தாளி வந்தால், கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைத்துவிடலாம்.