சின்ன லேத்துக்கு எந்தக் காலெட்?

சித்தூர்க்காரருக்குக் கருவிச் சந்தை இரண்டு திசையில் இருக்கிறது. பழைய நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டை வழியாகக் கிழக்கே போனால் சென்னைப் பாரிமுனை. பலமநேர், கோலார் தாண்டி மேற்கே போனால் பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோடு. திருப்பதிக்காரருக்குச் சென்னைதான் பக்கம். எங்கே போனாலும் ஈ.ஆர்., 5சி, ஆர்8 என்று காலெட்டில் பல வகை. வீட்டில் சின்ன லேத்தும் மில்லிங் மெஷினும் வைத்திருப்பவர் எதை வாங்குவது என்று தெளிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

மூன்று ஜா சக், ராடை மூன்றே இடத்தில் கடிக்கிறது. உழைத்துத் தேய்ந்த சக்கில் டயல் கேஜ் வைத்தால் முள் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடுவது சாதாரணம். காலெட் சுற்றிலும் பிடிப்பதால் நல்லதில் அந்த ஆட்டம் 0.02 மி.மீ.க்குள் அடங்கும், பித்தளையில் ஜா தடமும் விழாது. மில்லிங்கில் இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. டிரில் சக்கில் எண்டு மில்லை மாட்டவே கூடாது. பக்கவாட்டு இழுப்பைத் தாங்க அது செய்யப்படவில்லை. ஓடும்போதே கழன்று விழும்.

ஈ.ஆர். வகையைச் சுவிட்சர்லாந்தின் ரேகோ-ஃபிக்ஸ் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. இன்று பல நாடுகளில், பல நிறுவனங்கள் செய்கின்றன. பெரும்பாலான அளவுகளில் ஒரு காலெட் 1 மி.மீ. வரை சுருங்கும்; 10 மி.மீ. காலெட்டில் 9.5 மி.மீ. ராடையும் பிடிக்கலாம். ஈ.ஆர்.16-இல் 10, ஈ.ஆர்.25-இல் 16, ஈ.ஆர்.32-இல் 20 மி.மீ. வரை போகும். 5சி சுமார் 27 மி.மீ. வரை பிடிக்கும், ஆனால் கொஞ்சமும் சுருங்காது என்றே சொல்லலாம், அளவுக்கு ஒன்று வாங்க வேண்டும். அதன் சக்கும் சின்ன லேத்துக்குக் கனம்.

இரண்டு மெஷினுக்கும் பொதுவாக ஈ.ஆர்.32 போதும் என்பதே என் முடிவு. லேத்துக்கு வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். மோர்ஸ் டேப்பர் தண்டு உள்ள காலெட் சக் விலை குறைவு. ஆனால் ஸ்பிண்டில் துளையை அந்தத் தண்டே அடைத்துவிடும், நீள ராடு உள்ளே போகாது. ஸ்பிண்டில் முகத்தில் போல்ட் போட்டு மாட்டும், நடுவில் துளை உள்ள சக்கைத் தேடுங்கள். மில்லிங் மெஷின் ஸ்பிண்டில் ஆர்8 என்றால், அடிக்கடி போடும் எண்டு மில்லுக்கு ஆர்8 காலெட்டும் ஒன்றிரண்டு இருக்கட்டும். ஈ.ஆர். சக் கீழே நீண்டு, சின்ன மெஷினில் உயரத்தைத் தின்றுவிடும்.

காலெட்டை முதலில் நட்டுக்குள் 'கிளிக்' என்று உட்கார வைத்து, பிறகே சக்கில் திருக வேண்டும். நேராகச் சக்கில் போட்டு நட்டை முடுக்கினால் காலெட் கோணும், கழற்றவும் வராது. மிகக் குட்டையான ஜாப் என்றால் பின்னால் அதே அளவு துண்டு ஒன்றைச் செருகுங்கள்.

18 காலெட் கொண்ட மலிவுப் பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தப் பணத்தில் 6, 8, 10, 12 மி.மீ. காலெட் நான்கும் நல்ல நட்டு ஒன்றும் தரமாக வாங்குங்கள்; மற்ற அளவுகளை வேலை கேட்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.