குலதனம் வேகம்!

ராஜபாளையத்திலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ பிளவக்கல் அணையைப் பார்க்கக் காரில் போயிருக்கிறீர்களா? மலையடிவாரத்தில் ஒரு வளைவு வந்துவிட்டால் போதும், "மெதுவாக, மெதுவாக!" என்று பின் ஸீட்டிலிருந்து குரல் கொடுப்பது யார்? நீங்கள்தானே, சகோதரி? அப்படியிருக்க, மணிக்கு 300 கிலோ மீட்டருக்கு மேல் பறக்கும் வண்டியில் பிள்ளையை ஏற்றி அனுப்ப எந்த வீட்டுக்குத்தான் மனம் வரும்?

கோயம்புத்தூரில் அப்படியும் ஒரு குடும்பம் உண்டு. தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன், தென்னிந்திய ராலியில் ஏழு முறை வாகை சூடியவர். உறவினர் கரிவரதனோ, நம் வீட்டு வாசல்களில் நின்றதே மாருதி 800, அதன் என்ஜினைக் கொண்டே ஒற்றை ஆள் பந்தயக் காரை உருவாக்கிய மேதை. 1995-ல் சிறு விமான விபத்தில் அவர் காலமானார். ஆபத்து இன்னதென்று அறியாத குடும்பம் அல்ல அது!

அங்கே 1977-ல் பிறந்தவர் நரேன் கார்த்திகேயன். ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே முதல் மூவரில் ஒருவரானார். 1992-ல் பிரான்ஸில் பயிற்சி. 1996-ல் பார்முலா ஆசியா சாம்பியன் பட்டம். 2005 மார்ச்சில், மெல்போர்னில், பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது.

அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு விநோதம் நடந்தது. டயர்கள் தாங்காது என்ற அச்சத்தால் இருபது கார்களில் பதினான்கு விலகிக்கொண்டன. எஞ்சிய ஆறில் நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். "ஆறு பேரில் நான்காவது! இதுவும் ஒரு வெற்றியா?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? மற்றவர்கள் விலகியது அவர் செய்த காரியம் அல்ல. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தளராமல் ஓட்டி முடித்தது அவர் செய்த காரியம். பார்முலா 1-ல் இந்தியர் ஒருவர் பெற்ற புள்ளிகள் இன்றுவரை அவை மட்டுமே.

ஐயம் தீராதவர்களுக்கு இன்னொரு பதில் உண்டு. 2019 நவம்பரில், ஜப்பானின் பூஜி களத்தில், ஜப்பானிய, ஜெர்மானியப் பந்தயத் தொடர்களின் கார்கள் சேர்ந்து மோதின. அங்கே நரேன் முதலாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 42!

குடும்பத்தின் வசதியும் பெயரும் பிள்ளைக்குக் கதவைத் திறந்து விடலாம். வளைவில் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியது அவன் கை மட்டுமே, அல்லவா?