மலர்முகமா, முகமலரா? குழப்பத்துக்கு நெல்லையில் ஒரு வழி

தமிழ்த் தேர்வில் பலரும் சறுக்கும் இடம் இது. 'மலர்முகம்' என்றால் மலர் போன்ற முகம், உவமைத்தொகை. திருப்பிப் போட்டு 'முகமலர்' என்றால் முகமாகிய மலர், உருவகம். ஒப்பிடுவது போய், முகமே மலராகிவிடுது!

விதியை மட்டும் மனப்பாடம் செய்தால் பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும். நெல்லையில் ரசிகமணி டி.கே.சி. வழி வேறு. வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் 1920-களில் தொடங்கிய 'வட்டத்தொட்டி'யில் கவிதையை வாய்விட்டுச் சொல்லி, திரும்பத் திரும்ப ரசிப்பார்கள். கம்பர்தான் அங்கே செல்லப்பிள்ளை. ரசனை முதலில், இலக்கணம் அப்புறம்.

வகுப்பிலும் இதே வரிசை சரிப்படும். கவிதையைப் படித்ததும், தாமிரபரணியைச் சொல்லிக் கேளுங்க: 'தாய் போன்ற ஆறு', 'ஆறு என்னும் தாய்'. எதில் ஆறும் தாயும் ரெண்டா நிக்குது, எதில் ஒண்ணாயிடுதுன்னு பிள்ளைகளே சொல்லட்டும். அணியின் பெயரைப் பிறகு கரும்பலகையில் எழுதினால் போதும்.