எண்ணெய்த் தட்டுப்பாடும் விதை மல்லாட்டையும்

உணவுப் பாதுகாப்பு என்றதும் நெல், கோதுமைக் கையிருப்பைத்தான் பலரும் கணக்கிடுகிறார்கள். அரிசி இருந்தும் அடுப்படி தடுமாறும் என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டது. ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் தாவர எண்ணெய் விலைக் குறியீடு மார்ச்சிலேயே அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டுவிட்டது.

நம் நாடு தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. 1986ல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கப்பட்டு, 1990களின் முற்பகுதியில் ஏறக்குறைய தன்னிறைவு கண்டிருந்தோம். இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்ததும் மலிவான பாமாயில் வந்து குவிந்தது. உள்ளூர் எண்ணெய்வித்து விவசாயிதான் அதன் அடியைத் தாங்கினார்.

விதையில்தான் இடர்

பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்தைச் சுற்றிலும் செம்மண் கொல்லைகளில் மல்லாட்டையும் முந்திரியும் பயிராகின்றன. 2011 டிசம்பர் 30ல் வீசிய தானே புயலில் கடலூர் மாவட்டத்து முந்திரி மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. மரப்பயிர் மீண்டு வரப் பல ஆண்டுகள் பிடிக்கும். மல்லாட்டை அப்படியல்ல, 105, 110 நாளில் காய் கைக்கு வந்துவிடும். ஆனால் விதை இருக்க வேண்டுமே!

எள்ளுக்கு ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். மல்லாட்டைக்கு 50 கிலோ பருப்பு தேவை. பொக்கும் உடைசலும் போக, அதற்கு 80 கிலோ காயாவது எடுத்து வைக்க வேண்டும். ஏக்கருக்கு 800 கிலோ விளைவதாக வைத்துக்கொண்டால், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு விதைக்கே போகிறது. கைமுடை வந்ததும் முதலில் விற்பனைக் கூடத்துக்குப் போவதும் இந்த மூட்டைகள்தாம். பிறகு விதைப்பு நேரத்தில் எந்த ரகம், எந்த ஆண்டுக் காய் என்று தெரியாமல் அதிக விலை கொடுத்து வாங்க நேரிடுகிறது.

எந்தப் பட்டத்துக் காயை வைப்பது?

மார்கழிப் பட்டத்தில் இறைவையில் பயிரிட்டுச் சித்திரையில் பறிக்கும் காய் வெயிலில் நன்கு காய்கிறது. ஆடி விதைப்புக்கு அதுவே ஏற்றது. ஐப்பசியில் பறிக்கும் மானாவாரிக் காய் மழையில் சிக்கும். கொத்து ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு விதை உறக்கம் இல்லாததால், ஈரத்தில் நிலத்திலேயே முளைத்தும் விடும். ஆகவே மானாவாரி அறுவடையிலிருந்து விதை எடுப்போர் வானத்தைப் பார்த்துப் பறித்தல் அவசியம்.

ஈரப்பதம் 9 சதவீதத்துக்குள் வரும்வரை காய வைக்க வேண்டும். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும். உச்சி வெயிலில் சிமெண்டுக் களத்தில் பரப்புவது முளைப்பைக் கெடுக்கும். ஓட்டோடு சேமிப்பதே முறை. ஓடு பருப்புக்குக் காவல். மூட்டைகளைப் பலகை மீது, சுவரை ஒட்டாமல் அடுக்குக. உர மூட்டை உள்ள அறை வேண்டாம். பருப்பு வண்டின் துளை தென்படுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

விதைப்புக்கு ஓரிரு வாரம் முன்பு கையால் உடைக்கலாம். உடைக்க எளிதாக இருக்கட்டும் என்று சிலர் காயில் தண்ணீர் தெளிக்கின்றனர். விதைக்கும் சரி, உண்பதற்கும் சரி, இது கூடாது. பூஞ்சாணம் பற்றி நச்சு உண்டாகும்.

உடைப்பதற்கு முன் சிறிது காயை எடுத்து 100 பருப்பை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பாருங்கள். 70க்குக் குறைவாக முளைத்தால் அதை விதைக்க வேண்டாம். விதைப்புக்கு மூன்று வாரம் முன்னதாகவே இதைச் செய்தால், விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண் விரிவாக்க மையத்திலோ நல்ல விதை விசாரிக்க அவகாசம் இருக்கும்.