புள்ளி தவறினால் பயிரும் பணமும் போகும்

எடைச்சீட்டு, பட்டா, மருந்துப் புட்டியின் சீட்டு, பால் சங்க அட்டை ஆகிய எல்லாவற்றிலும் இன்று தசமப் புள்ளி இடம்பெறுகிறது. உருவத்தில் கடுகினும் சிறியது இந்தப் புள்ளி. ஆனால் அது ஓர் இடம் தள்ளிப் போனால் அளவு பத்து மடங்கு கூடிவிடும். அல்லது பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நிலத்தின் பரப்பு, உரத்தின் அளவு, கைக்கு வரும் பணம் ஆகியவை இதைப் பொறுத்தே அமைவதால், புள்ளிக் கணக்கைப் பிழையின்றிப் படிக்கச் சிறு விவசாயிகள் பழகிக்கொள்வது அவசியம்.

நம் முன்னோர் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் பிரித்துக் கணக்கிட்டனர். ரூபாய்க்கு 16 அணா என்பதும் இந்த வழியில் வந்ததே. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 காசு என்று ஆயிற்று. எடை, அளவுகளுக்கான சட்டம் 1956-ல் நிறைவேறியது. 1958 முதல் படிப்படியாகச் சேரும் வீசையும் போய்க் கிலோ வந்தது. பாதி பாதியாகப் பிரித்த வழக்கம் போய், பத்துப் பத்தாகப் பிரிக்கும் முறை வந்தது. பழைய கணக்கு தெரிந்தவர்களுக்குப் புதியது கடினமில்லை. அரை என்பது 0.5, கால் 0.25, முக்கால் 0.75, அரைக்கால் 0.125. அதாவது அரைக்கால் கிலோ 125 கிராம்.

சைபருக்கு மதிப்பு உண்டு

புள்ளிக்கு வலப்புறம் உள்ள முதல் இடம் பத்தில் ஒரு பங்கைக் குறிக்கும். இரண்டாவது இடம் நூறில் ஒரு பங்கு. மூன்றாவது இடம் ஆயிரத்தில் ஒரு பங்கு. ரூபாய்க்கு 100 காசு என்பதால் பணத்துக்கு இரண்டு இடம் வேண்டும். கிலோவுக்கு 1000 கிராம், லிட்டருக்கு 1000 மில்லி என்பதால் அவற்றுக்கு மூன்று இடம் வேண்டும்.

35 ரூபாய் 5 காசை 35.05 என்று எழுத வேண்டும். 35.5 என்று எழுதினால் அது 35 ரூபாய் 50 காசு ஆகிவிடும். பால் விலையில் இப்படி லிட்டருக்கு 45 காசு மாறிப் போனால், நாளொன்றுக்கு 10 லிட்டர் ஊற்றுபவருக்கு 30 நாளில் 135 ரூபாய் வித்தியாசம் வரும். 25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போய்விட்டன. ஆனாலும் கணக்கில் காசு இன்னும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

எடையிலும் இதே நிலைதான். சாக்கு எடை நீங்கலாக மூட்டைக்கு 40 கிலோ என்று பேசி நெல் விற்பதாக வைத்துக்கொள்வோம். தராசு 40.060 காட்டினால் கூடுதலாகப் போவது 60 கிராம். 40.600 காட்டினால் 600 கிராம். 50 மூட்டைக்கு முதலாவதில் 3 கிலோ கூடுதலாகப் போகும். இரண்டாவதில் 30 கிலோ போய்விடும்.

எது பெரியது?

பாலில் கொழுப்புச் சத்து ஒரு நாள் 4.25, மறுநாள் 4.3 என்று அட்டையில் பதிவாகிறது. 25 பெரிது, 3 சிறிது என்று நினைத்து முதல் நாள் பால்தான் கெட்டி என்று சொல்வோர் உண்டு. அது தவறு. இரண்டுக்கும் இடங்களைச் சமமாக்க வேண்டும். 4.3 என்பதை 4.30 என்று எழுதினால் மதிப்பு மாறாது. இப்போது 30-ஐயும் 25-ஐயும் ஒப்பிட்டால் மறுநாள் பாலில்தான் கொழுப்பு அதிகம் என்பது விளங்கும். குழப்பம் வராதிருக்க 4.25-ஐ "நான்கு புள்ளி இரண்டு ஐந்து" என்று ஒவ்வோர் எண்ணாகப் படிப்பதே நல்லது.

பட்டாவில் கவனம்

ஓர் ஏக்கருக்கு 100 சென்ட். ஆகவே 1 ஏக்கர் 5 சென்ட் என்பது 1.05 ஏக்கர். 1.5 ஏக்கர் என்றால் 1 ஏக்கர் 50 சென்ட்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்ற அளவில் இருக்கும். ஒரு ஹெக்டேருக்கு 100 ஏர். ஓர் ஏருக்கு 100 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட்.

பட்டாவில் 0 - 6.50 என்று இருந்தால் அது 6.50 ஏர், அதாவது 650 சதுர மீட்டர். சென்ட் கணக்கில் சுமார் 16. இதையே பத்திரங்களில் 0.06.50 என்று இரண்டு புள்ளி வைத்தும் எழுதுவதுண்டு. ஆறுக்கு முன்னால் உள்ள சைபரை விட்டுவிட்டு 0.65 ஹெக்டேர் என்று படித்தால் நிலம் சுமார் 160 சென்ட் ஆகிவிடும். வாங்குபவரும் விற்பவரும் கிரயத்துக்கு முன் பரப்பைச் சென்ட் கணக்கில் மாற்றிப் பார்த்து, இடத்தில் அளந்து ஒப்பிட வேண்டும்.

உரமும் தெளிப்பும்

உரப் பரிந்துரைகள் பெரும்பாலும் ஹெக்டேருக்கே கூறப்படுகின்றன. அதை 0.4-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு உரிய அளவு ஏறத்தாழக் கிடைக்கும். ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150 கிலோ என்றால் ஏக்கருக்கு 60 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். 45 கிலோ மூட்டையில் எவ்வளவு என்று அறிய 45-ஐ 0.46-ஆல் பெருக்க வேண்டும். புள்ளியை மறந்து 45-ஐ 46-ஆல் பெருக்கினால் 2070. பிறகு வலமிருந்து இரண்டு இடம் எண்ணிப் புள்ளி வைத்தால் 20.70 கிலோ. ஆகவே 60 கிலோ தழைச்சத்துக்கு ஏறத்தாழ மூன்று மூட்டை யூரியா போதும். இதையும் பரிந்துரைப்படி பல தவணையாகப் பிரித்தே இட வேண்டும்.

துத்தநாகச் சத்துக் குறைவு கண்ட நெற்பயிருக்கு 0.5 சத துத்தநாக சல்பேட்டை 1 சத யூரியாவுடன் கலந்து தெளிப்பார்கள். ஒரு சதம் என்பது லிட்டருக்கு 10 கிராம். அரை சதம் 5 கிராம். எனவே 10 லிட்டர் தெளிப்பானுக்குத் துத்தநாக சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம். புள்ளியைக் கவனியாமல் 5 சதம் என்று எடுத்துக்கொண்டு 500 கிராம் துத்தநாக சல்பேட்டைக் கரைத்தால் இலைகள் கருகிவிடும்.

பூச்சி மருந்துச் சீட்டில் லிட்டருக்கு 0.3 மில்லி என்று இருந்தால் 10 லிட்டருக்கு 3 மில்லி. பத்தால் பெருக்கும்போது புள்ளி ஓர் இடம் வலப்பக்கம் நகரும். நூறால் பெருக்கினால் இரண்டு இடம் நகரும். இவ்வளவு சிறிய அளவைப் புட்டி மூடியால் ஊற்றுவது சரியல்ல. மில்லி குறியிட்ட அளவுக் குழாயையே பயன்படுத்த வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

அரை என்பதை .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுத வேண்டும். நகல் சீட்டில் புள்ளி மங்கினாலும் முன்னால் நிற்கும் சைபர் எச்சரிக்கும். தொகையையும் பரப்பையும் எண்ணால் எழுதுவதோடு எழுத்தாலும் எழுதி வாங்க வேண்டும். மருந்து கலக்கும் முன் சதவீதத்தைக் கிராமாகவோ மில்லியாகவோ மாற்றி ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். வந்த விடை வழக்கமான அளவைப் போலப் பத்து மடங்கு கூடியோ குறைந்தோ தோன்றினால் புள்ளி இடம் மாறியிருக்கும் என்று கொள்ளலாம். அப்போது கணக்கை மறுபடி போட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுப்பதோ மருந்தைக் கலப்பதோ செய்ய வேண்டும்.